துண்டு சுற்றிய பாட்டில்

கார்க்கைக் காணோம். நார் வெச்சிருக்கிற டப்பாவுக்குப் பக்கத்துல இல்லை, மிக்ஸிக்குப் பின்னாடி இல்லை, மாசக்கணக்கா ஞாயித்துக்கிழமைன்னா எங்க கிடக்குமோ அந்தக் குழாயோரம் வெறும் ஈரம்தான் இருக்கு. காலால மிதிச்சுக் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தேன், வெங்காயத் தோலும் இஞ்சித் தோலும்தான். கைய விட்டுக் கிளறியும் பார்த்தாச்சு. அறுபத்தொரு வயசுல குப்பைத் தொட்டியில கைய விட்டுத் துழாவுறேன், ரெஜினாமேரி, உனக்கு வந்த வாழ்வைப் பாரு. வாணலியில வெங்காயம் இன்னும் தண்ணி விட்டுக்கிட்டு சலசலன்னுதான் இருக்கு, நேரம் இருக்கு. ஹால்ல அவரு சாப்பாட்டு மேசையில துணி விரிக்கிற சத்தம் கேக்குது. அவருன்னா என் வீட்டுக்காரரு சவரிநாதன், முப்பத்தஞ்சு வருஷம் சரக்குக் கப்பல்ல இன்ஜினீயரா இருந்துட்டு இப்ப நெல்லித்தோப்புல இந்த வீட்டுக்கு இன்ஜினீயரா இருக்காரு. ஆறரைக்கே பாட்டிலைத் திறந்துடுவாரு, ஒயின் ஒரு மணி நேரம் மூச்சு விடணுமாம். திறந்த கையோட ஈரிழைத் துண்டைச் சுத்தி, கழுத்துல கப்பக்காரங்க முடிச்சு ஒண்ணு போட்டு, லேபிள்ல ஒரு எழுத்துகூடத் தெரியாம மேசை நடுவுல வெச்சுடுவாரு. ஏழரைக்கு ரெண்டு கிளாஸ்ல ஊத்திட்டு, சொல்லு ரெஜி, இது எதுன்னு கேப்பாரு. நான் மோந்து பார்த்துச் சொல்லணும். இருபது வருஷத்துல நான் தப்பா சொன்னதை விரல் விட்டு எண்ணிடலாம். ரெஜிக்கு மூக்கு, அவளுக்கு மூக்குலதான் கண்ணுன்னு சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் பீத்திக்குவாரு. அந்த மூக்கு போயிடுச்சு. பிப்ரவரி மாசம் ஒரு காய்ச்சலோட போனது, இது ஜூலை. அது அவருக்குத் தெரியாது. அந்தக் கார்க்குலதான் பேரு அச்சடிச்சிருக்கும், அதைப் பார்த்துதான் நான் இத்தனை நாள் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

பாண்டிச்சேரியில இருந்துகிட்டு ஸ்பெயின் ஒயினான்னு எங்க அண்ணன் சிரிப்பாரு. பிரெஞ்சு பென்ஷன்காரரு, அவருக்கு பிரெஞ்சு தவிர மத்ததெல்லாம் கழனித் தண்ணி. ஆனா எங்க வீட்டுக்கு வந்தது ஸ்பெயின்தான். இவரு கப்பல் பில்பாவோ துறைமுகத்துல இன்ஜின் பழுதாகி நாப்பது நாள் நின்னுச்சு, அந்த நாப்பது நாளும் துறைமுகத்துக்குப் பின்னாடி ஒரு கிழவி வீட்டுல சாப்பாடு, ஆட்டுக்கறி, மொச்சை, கூடவே சிவப்பு ஒயின். திரும்பி வந்தப்ப பெட்டியில ரெண்டு பாட்டில். பூசையில பாதர் தூக்கிக் காட்டுற ஒயினைத் தவிர வேற எதையும் கண்ணால பார்க்காத நான், கறிக் குழம்பும் இடியாப்பமும் வெச்சுட்டு, மூக்கைச் சுளிச்சுக்கிட்டு ஒரு வாய் குடிச்சேன். குடிச்சுட்டு, ஏங்க, இதுல எங்க பாட்டன் மர பீரோ வாசனை வருது, உள்ள யாரோ தேங்காய் பர்பி வெச்சு மறந்துட்டாங்கன்னேன். அவரு கிளாஸைக் கீழ வெச்சுட்டு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. அன்னைக்கு ஆரம்பிச்சது. ரியோஹான்னா அது ஊர் பேரு, அது பீரோவும் பர்பியும். கார்னாச்சான்னா திராட்சை பேரு, ஜாம் பாட்டில் மூடியைத் திறந்த மாதிரி, அடியில வெள்ளை மிளகு. மொனாஸ்ட்ரெல்லும் திராட்சைதான், அது நாவப்பழமும் கருப்பட்டியும், வெயில்ல கழட்டிப் போட்ட தோல் செருப்பும். இந்த மூணுதான் எங்களுக்கு. கடையில எது வருதோ வாங்குவாரு, நான் எதுக்கு எது ஆகும்னு பார்த்துச் சமைப்பேன். மிளகு வறுவலுக்குக் கார்னாச்சா. எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு மொனாஸ்ட்ரெல், சொன்னா நம்ப மாட்டாங்க. இறால் தொக்குக்கு சிவப்பு ஆகாதுன்னு அண்ணன் சட்டம் பேசினாரு, போய்யான்னு மனசுக்குள்ள சொல்லிட்டு ரியோஹாவைக் குளிர வெச்சு ஊத்திக் குடுத்தேன், மூணாவது கிளாஸும் கேட்டாரு.

வெங்காயம் சத்தம் மாறுது. சலசலப்பு அடங்கி நறநறன்னு வருதுன்னா தண்ணி வத்திடுச்சு, இஞ்சி பூண்டு போடலாம். இப்படித்தான் சமைக்கிறேன். கடுகு ஓஞ்சதும் பத்து எண்ணிக் கறிவேப்பிலை. இஞ்சி பூண்டு பச்சை வாசனை போனதான்னு யாரைக் கேக்கறது, சட்டியில ஒட்டி ஒட்டி விட்டுச்சுன்னா போயிடுச்சு. மிளகுத்தூள் போட்டா கண்ணு கரிக்கும், அது போதும். காது இருக்கு, கண்ணு இருக்கு, நாக்குல உப்பு புளி காரம் தெரியுது, அதுக்கு மேல ஒண்ணும் தெரியலை. முதல்ல தெரிஞ்சது பெருங்காய டப்பாவுலதான். திறந்தேன், ஒண்ணுமே இல்லை, கடைக்காரன் ஏமாத்திட்டான்னு நினைச்சேன், பழசு, வாசனை போன சரக்குன்னு திட்டினேன்கூட. அப்புறம் பினாயில் பாட்டிலைத் திறந்தேன். அப்புறம் பீரோவுல ரசகற்பூர உருண்டை. அப்புறம் என் கையை நானே மோந்து பார்த்தேன், அப்பதான் மீன் கழுவியிருந்தேன். ஒண்ணுமே இல்லை. குளியலறையில போய்க் கதவைச் சாத்திக்கிட்டு சோப்பை மூக்குல வெச்சுக்கிட்டு நின்னேன், எவ்வளவு நேரம்னு தெரியாது. ஜலதோஷம், சரியாப் போயிடும்னு சொல்லிக்கிட்டேன். போன்ல போட்டுப் பார்த்தேன், காய்ச்சலுக்கு அப்புறம் போகும், சில பேருக்குத் திரும்ப வரும்னு போட்டிருந்தது. அதோட நிறுத்தியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் கீழ தள்ளிப் படிச்சேன், என் புத்தி சும்மா இருக்குமா. வயசானவங்களுக்கு மறதி நோய் வர்றதுக்கு முன்னாடியும் போகலாம்னு இருந்தது. போனைக் கவுத்து வெச்சுட்டேன்.

அம்மாவுக்கும் அப்படித்தான். அம்மான்னு நினைச்சாலே கை நின்னுடுது, கிண்டு ரெஜி, அடி பிடிக்கப் போகுது. பெரிய வெள்ளிக்கிழமைக் கஞ்சி. கோயிலுக்குக் கொண்டு போற அண்டாக் கஞ்சி, அடி பிடிச்சு, கருகி, தெருவுக்கே நாத்தம் போய் பக்கத்து வீட்டுல இருந்து ஓடி வந்தாங்க. அம்மா அண்டாப் பக்கத்துலயே நின்னு செபமாலை சொல்லிக்கிட்டு இருந்தாங்க, ஒண்ணும் தெரியாம. என்னம்மான்னா, மூக்கு அடைச்சிருக்குடின்னாங்க. ரெண்டு வருஷம் அதையேதான் சொன்னாங்க. அதுக்கப்புறம் சாவி, அப்புறம் தெரு, அப்புறம் என் பேரு. கடைசியில ஒரு நாள் சோறு ஊட்டும்போது, ரொம்ப மரியாதையா, நீங்க யாரு வீட்டுப் பொண்ணு, இவ்வளவு நல்லா பார்த்துக்கிறீங்களேன்னு கேட்டாங்க. உங்க வீட்டுப் பொண்ணுதாம்மான்னேன். அப்படியான்னு சிரிச்சாங்க. எட்டு வருஷம் ஊட்டினேன், குளிப்பாட்டினேன், கதவைப் பூட்டிச் சாவியை ஜாக்கெட்ல சொருகிக்கிட்டேன். இவரு அப்ப கடல்ல. லீவுல வரும்போது அத்தை இளைச்சுட்டாங்களேன்னு சொல்லிட்டு நல்ல பழமா வாங்கிட்டு வருவாரு. பாவம், அவருக்கு அது தெரியாது. தெரியவே வேணாம். நான் அவரைப் பார்த்து, நீங்க யாரு வீட்டுப் பையன்னு கேக்குற நாள் வந்துச்சுன்னா, அவருக்கு ஊட்டத் தெரியுமா, சோத்தைப் பிசையத் தெரியுமா, அவரு இடியாப்பத்தையே ஸ்பூன்ல சாப்பிடுற ஆளு. அதனாலதான் சொல்லலை. சொன்னா அது உண்மையாயிடும். ஞாயித்துக்கிழமை ஏழரைக்கு நான் சரியா சொல்லிட்டா, இன்னும் ஒரு வாரத்துக்கு நான் ரெஜிதான்.

இஞ்சி பூண்டு விட்டுடுச்சு, கறியைப் போட்டாச்சு, மூடி வெச்சாச்சு. இடியாப்ப மாவு சூட்டோட பிசையணும். கார்க்கு எங்கதான் போச்சு. மூக்கு போன அப்புறம் முதல் ஞாயித்துக்கிழமை கார்க்கு கிடைக்கலை, குத்துமதிப்பா மொனாஸ்ட்ரெல்னேன், தப்பு, ரியோஹா. மூக்கு அடைச்சிருக்குன்னு சொல்லிட்டேன். சொல்லும்போதே அம்மா குரல் வந்துச்சு எனக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை பார்த்தா குழாயோரம் கார்க்கு, எழுத்து மேல பார்த்த மாதிரி. ஆண்டவர் கண்ணைத் திறந்தாருன்னு நினைச்சேன். இவருக்கும் வயசாகுது. ஸ்பேனரை எடுத்த இடத்துல வைக்கலைன்னா ராத்திரி தூக்கம் வராத மனுஷன், சுவத்துல ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பென்சில்ல படம் வரைஞ்சு வெச்சிருக்கிற மனுஷன், கார்க்கை மட்டும் வாரா வாரம் கண்ட இடத்துல போடுறாரு. இப்ப வர வர இன்னும் மோசம். செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் காலையில எனக்கு முன்னாடியே எழுந்து காபி அவரே போடுறாரு, அடுப்புப் பக்கம் என்னை விடறதில்லை, நாப்பது வருஷத்துல இல்லாத பாசம். புதன்கிழமை ஒரு வெள்ளைப் பெட்டி வாங்கிட்டு வந்து சிலிண்டர் பக்கத்துல, தரையோரமா சுவத்துல அடிச்சாரு. என்னங்கன்னா, எலி வராம இருக்க மிஷின்னாரு. இந்த வீட்டுல எலியை நான் பார்த்தே ஆறு வருஷம் ஆச்சு. செவ்வாய்க்கிழமை. அதை நினைக்க வேணாம். பால் வெச்சேன், கொடியிலேர்ந்து துணியெல்லாம் கொண்டாந்து இங்கயே நாற்காலியில உக்காந்து மடிச்சேன், நிமிர்ந்து பார்த்தா அவரு வந்து அடுப்பைத் திருகிட்டு ஜன்னலை ஒண்ணொண்ணா திறந்துக்கிட்டு இருக்காரு. பால் பொங்கி மேடையெல்லாம் வழிஞ்சிருந்தது. காத்து வரட்டும்னாரு. எதுக்குன்னு நான் கேக்கலை. ஏன் கேக்கலை. மாவு ஆறுது, பிசை.

கப்பல்ல நாலு மணி நேரத்துக்கு ஒருத்தர் இன்ஜின் ரூமைப் பார்த்துக்குவாங்களாம், வாட்ச்சுன்னு பேரு. வாட்ச் மாத்தும்போது அடுத்தவன்கிட்ட குறையைத்தான் முதல்ல சொல்லணும். எந்த பம்ப் சூடாகுது, எது ஒழுகுது, எந்தச் சத்தம் புதுசா வருது. நல்லா ஓடுறதையெல்லாம் சொல்ல வேண்டாம். ஒருத்தன் பேரிங் சூடாகுறதைச் சொல்லாம மறைச்சுட்டுப் போய்ப் படுத்துட்டானாம், என் வாட்ச்ல பழுதுன்னு பேரு வரக்கூடாதுன்னு. அடுத்து வந்தவன் கை வெந்து போச்சு. அதுக்கப்புறம் அந்தப் பயணம் முடியுற வரைக்கும் அவன் உக்காந்த மேசையில யாரும் உக்காந்து சாப்பிடலைன்னு சொல்லுவாரு. இந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பாரு, கல்யாண வீட்டுலகூடச் சொல்லுவாரு, நான் இடுப்புல கிள்ளுவேன். போன வாரமும் சொன்னாரு. திடீர்னு, காபி குடிச்சுக்கிட்டே, சம்பந்தமே இல்லாம.

இடியாப்பம் வெந்தாச்சு, வறுவல் இறக்கியாச்சு. மேசைக்குக் கொண்டு வந்தேன். அவரு சலவைச் சட்டை போட்டிருக்காரு, ஞாயித்துக்கிழமைன்னா சாயந்திரமும் மாத்திக்குவாரு. துண்டு சுத்தின பாட்டில் நடுவுல நிக்குது. துண்டை உத்துப் பார்த்தேன், லேபிள் ஓரம் தெரியுதான்னு. அந்த முடிச்சைப் போட்டவரு அதுக்கெல்லாம் விடுவாரா. ஊத்துறாரு. நிறத்தைப் பாரு ரெஜி, நிறம் இருக்குல்ல. டியூப்லைட் வெளிச்சத்துல எல்லாச் சிவப்பும் ஒரே சிவப்புதான். கிளாஸைத் தூக்கினேன், சுத்தினேன், மூக்கை உள்ள விட்டேன். கண்ணாடி ஜில்லுன்னு மூக்குல பட்டது, அவ்வளவுதான். இருபது வருஷம் இதே இடத்துல ஒரு ஊரே இருந்தது. பீரோ இருந்தது, நாவல் மரம் இருந்தது. ஒரு வாய் குடிச்சேன். புளிப்பு கொஞ்சம், துவர்ப்பு நாக்கைப் பிடிக்குது, தொண்டையில சூடு. துவர்ப்பு இவ்வளவுன்னா மொனாஸ்ட்ரெல்லா இருக்கலாம். சூடு கார்னாச்சாவுக்கும் உண்டு. மூணுல ஒண்ணு, சொல்லிடலாம், அடிச்சா அடிக்கும். அவரு என் முகத்தையே பார்க்குறாரு. கிளாஸை இன்னும் வாய்ல வைக்கலை. எப்பவும் நான் சொன்ன அப்புறம்தான் வைப்பாரு, ஏன்னு நான் ஒரு நாளும் யோசிச்சதில்லை. மேசையில ரெண்டு தட்டு, ரெண்டு கிளாஸ். நான் மறைச்சுட்டுப் போய்ப் படுத்தா இவரு கை வேகும். செவ்வாய்க்கிழமை வெந்திருக்கும். கையோட போயிருக்குமா.

"எனக்குத் தெரியலைங்க" ன்னேன்.

"நல்லா மோந்து பாரு."

"மோந்து பார்க்க ஒண்ணும் இல்லை. மூக்கு போயிடுச்சு. பிப்ரவரி காய்ச்சலோட போனது, வரவே இல்லை. இத்தனை நாள் கார்க்கைப் பார்த்துத்தான் சொன்னேன்."

அவரு சட்டைப் பையில கைய விட்டு கார்க்கை எடுத்துத் தட்டுப் பக்கத்துல வெச்சாரு, எழுத்து கீழ இருக்கிற மாதிரி. "நான்தான் வெச்சேன், குழாயோரம். முதல் தடவை நீ தப்பா சொன்னப்ப உன் முகம் போன போக்கு எனக்குத் தாங்கலை. செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் வைக்க மனசு வரலை ரெஜி. பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு கேஸ் வந்துக்கிட்டு இருக்கு. நீ ரெண்டடி தள்ளி உக்காந்து என் பனியனை மடிச்சுக்கிட்டு இருக்க. இன்னைக்காவது நீயா சொல்லுவியான்னு பார்த்தேன்."

கிளாஸைக் கீழ வெச்சுட்டேன். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு எலி மிஷின்னு சொன்ன மனுஷன் மேல கோவம் வரணும், வரலை. அழுகைதான் வருது. "அம்மாவுக்கு இப்படித்தாங்க ஆரம்பிச்சுது. எனக்கு அம்மா மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு. உங்களை யாருன்னு கேட்டுடுவேனோன்னு பயமா இருக்கு" ன்னேன். சொல்லிட்டேன். அவரு எழுந்து வரலை, தட்டிக் குடுக்கலை, அவருக்கு அதெல்லாம் வராது. இடியாப்பத்தை எடுத்து என் தட்டுல வெச்சு, கறியை வெச்சு, வெறும் கையால பிசைஞ்சாரு. இடியாப்பத்தை யாராவது அப்படிப் பிசைவாங்களா, கூழாக்கிட்டாரு. "வியாழக்கிழமை பத்து மணிக்கு டாக்டர்கிட்ட பேரு குடுத்திருக்கேன். வெறும் காய்ச்சலா, வேற ஏதாவதான்னு அவரு சொல்லட்டும். இப்ப சாப்பிடு" ன்னாரு.

"நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க, கேஸ் வாசனை ஹாலுக்கே வந்துடுச்சா?"

"வாசனை எங்க. சத்தம். உஸ்ஸுன்னு வந்துச்சு, இன்ஜின் ரூம் காது." அப்புறம் கையில ஒட்டின இடியாப்பத்தைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு, "எனக்கு மூக்கு எப்பவோ போச்சு ரெஜி. டீசல்ல போச்சு, உன்னைக் கட்டின பத்து வருஷத்துலயே. பில்பாவோவுல குடிச்சப்பகூட எனக்குப் புளிப்பும் சூடும்தான் தெரிஞ்சுது. வீட்டுக்கு வந்து நீ பீரோன்னு சொன்ன, தேங்காய் பர்பின்னு சொன்ன. அப்பதான் நான் அதைக் குடிச்சேன். நீ சொன்னாத்தான் எனக்கு வாசனை வரும்."

இருபது வருஷம். இருபது வருஷம் இந்தத் திருட்டு மனுஷன் எதிர்ல உக்காந்து ம், ஆமா, மிளகு, வெள்ளை மிளகுன்னு தலையாட்டினாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, மூக்குல தண்ணி ஒழுக ஒழுக. ரெண்டு பேருக்கும் மூக்கு இல்லைன்னா அப்புறம் கேஸுக்கு யாருங்கன்னேன். அதுக்குத்தான் எலி மிஷின், கேஸ் கசிஞ்சா கத்தும்னாரு. அவரு கார்க்கைத் திருப்பி என் பக்கம் தள்ளினாரு. படிச்சேன். ரியோஹா. கிளாஸைக் கையில எடுத்துக்கிட்டு வாயில வைக்காம உக்காந்திருக்காரு. "சொல்லு" ன்னாரு. "வாசனையே இல்லையே, எதைச் சொல்றது" ன்னேன். "ஞாபகத்துலேர்ந்து சொல்லு" ன்னாரு. அம்மாவுக்கும் பழசெல்லாம் கடைசி வரைக்கும் ஞாபகம் இருந்தது, அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, வியாழக்கிழமை வரட்டும். கண்ணை மூடினேன். காரைக்கால் வீடு, பாட்டன் அறை, மர பீரோவோட இடது கதவு, அது மட்டும் கொஞ்சம் இழுத்துத்தான் திறக்கணும்.

"முதல்ல பீரோ" ன்னு ஆரம்பிச்சேன். அவரு கிளாஸை வாயில வெச்சாரு.